தோமா அக்குவினாஸின் "இறையியல் தொகுப்பு": தடைகள், முதற்காரணம், கடைசி மௌனம் பற்றிச் சில ஐயங்கள்

கேள்வி: மாலைவாசகன்

அனைவருக்கும் வணக்கம்.

கடந்த மூன்று மாதங்களாக, 13-ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ இறையியலாளர் தோமா அக்குவினாஸ் எழுதிய "சும்மா தெயோலொகியே" என்னும் "இறையியல் தொகுப்பை" இரவு நேரங்களில் ஒன்றிரண்டு பக்கமாகப் படித்து வருகிறேன். தத்துவத்தையோ இறையியலையோ முறையாகப் பயின்றவன் அல்லன். தொடக்கநிலை மாணவர்களுக்காகவே இதை எழுதுவதாக அவர் முன்னுரையில் சொல்லியிருப்பதை நம்பித் துணிந்து இறங்கினேன். நூல் பாகங்களாகவும், பாகம் வினாக்களாகவும், வினா கூறுகளாகவும் பிரிகிறது; முதல் பாகத்தின் 2-ஆம் வினாவில், 3-ஆம் கூறுக்கு வந்ததும் மேலே நகர முடியாமல் நின்றுவிட்டேன்.

கடவுள் இருக்கிறாரா என்பதே அந்தக் கூறு எழுப்பும் கேள்வி. ஆனால் அது "கடவுள் இல்லை என்றே தோன்றுகிறது" என்று தொடங்குகிறது. ஒன்றுக்கொன்று எதிரான இரண்டில் ஒன்று எல்லையற்றதாக இருந்தால் மற்றொன்று முற்றிலும் அழிந்துபோக வேண்டும்; கடவுள் என்ற சொல்லுக்கே எல்லையற்ற நன்மை என்பதுதான் பொருள்; ஆகவே கடவுள் இருந்தால் தீமை எங்குமே இருக்கக்கூடாது; ஆனால் உலகில் தீமை இருக்கிறது. இதை எழுதியவர் ஒரு துறவி என்பதை மறந்துவிட்டுப் படித்தால், கடவுள் மறுப்பாளர் ஒருவர் நிதானமாகப் பேசுவதாகவே தோன்றும். எனக்கு எழும் ஐயங்கள் மூன்று.

முதலாவது, இந்தத் தடைகளை, அதாவது எதிர்வாதங்களை, அவர் உண்மையாகவே எடுத்துக்கொள்கிறாரா, அல்லது பின்னால் உடைப்பதற்காகவே முன்னால் நிறுத்துகிறாரா? இரண்டாவது, காரணங்களின் வரிசை முடிவில்லாமல் பின்னோக்கிப் போக முடியாது என்கிறார். உலகம் தொடக்கமே இல்லாமல் என்றும் இருந்து வந்திருந்தால் அந்த வாதம் விழுந்துவிடாதா? மூன்றாவது, 1273-ஆம் ஆண்டு டிசம்பரில் எழுதுவதை நிறுத்திவிட்டு, தாம் எழுதியதெல்லாம் வைக்கோல் என்று சொன்னாராமே. அப்படியானால் தம் நூலை அவரே கைவிட்டார் என்று கொள்வதா? இந்த மூன்றாவது ஐயம்தான் என்னை அதிகம் வருத்துகிறது. தம் உழைப்பைத் தாமே தள்ளிவிட்டவரின் நூலை நான் எதற்காக இவ்வளவு பாடுபட்டுப் படிக்க வேண்டும் என்ற எண்ணம் இடையிடையே வருகிறது.

மறுமொழி 1: தடைவிடை

வணக்கம் நண்பரே. உங்கள் முதல் ஐயத்துக்கு மட்டும் எழுதுகிறேன். காரணங்களைப் பற்றி என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

நம் உரையாசிரியர்கள் தடையும் விடையுமாகப் பொருளை விளக்குவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த நூலின் அமைப்பு அந்நியமாகத் தோன்றாது. ஒவ்வொரு கூறிலும் முதலில் தடைகள் வரும். அடுத்து "ஆனால் இதற்கு எதிராக" என்று தொடங்கும் ஒரு மேற்கோள் வரும். அதன் பிறகு "நான் விடை கூறுகிறேன்" என்று ஆசிரியர் தம் சொந்தக் குரலில் பேசுவார். கடைசியில், எழுப்பிய ஒவ்வொரு தடைக்கும் தனித்தனியே விடை தருவார். நீங்கள் நின்றுபோன கூறில் அந்த எதிர்மேற்கோள் விவிலியத்தின் விடுதலைப் பயண நூலிலிருந்து வரும் "இருக்கின்றவராக இருக்கின்றவர் நானே" என்ற சொற்கள்தாம். அதை அப்படியே சொல்லிவிட்டு முடித்திருந்தால் நம்பிக்கை உடையவர்களுக்கு அது போதும். அவர் அங்கே முடிக்கவில்லை. கடவுள் இருக்கிறார் என்பதைக் காரணத்தால் நிறுவ ஐந்து வழிகளை வகுத்துக் காட்டத் தொடங்குகிறார். ஏன் என்பதுதான் உங்கள் கேள்விக்கு விடை.

இந்த அமைப்பு எழுத்தாளர் ஒருவர் தனியறையில் அமர்ந்து கற்பனை செய்துகொண்டது அன்று. 13-ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் பல்கலைக்கழகத்தின் வாத அரங்கிலிருந்து வந்தது. இறையியல் ஆசிரியர் ஒருவருக்கு அங்கே மூன்று கடமைகள் இருந்தன: திருநூலுக்கு விளக்கம் சொல்லுதல், வாதம் நடத்துதல், மறையுரை ஆற்றுதல். வாத நாளில் அவையில் இருப்பவர்கள் தடைகளை எழுப்புவார்கள். இளநிலை ஆசிரியர் ஒருவர் அவற்றுக்கு முகம் கொடுப்பார். பிறகு வேறொரு நாளில் ஆசிரியர் அனைத்தையும் தொகுத்துத் தம் தீர்வைக் கூறுவார். திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் நடந்த சிறப்பு வாதங்களில் யாரும் எதைப் பற்றியும் கேட்கலாம். மது, அரசன், பெண் ஆகியவற்றைவிட உண்மை வலிமையானதா என்ற கேள்வியும் அவரிடம் அப்படி வந்திருக்கிறது. அதற்கும் முறையாக விடை சொல்லியிருக்கிறார். 1256-இல் ஆசிரியர் பதவி ஏற்றதும் உண்மையைப் பற்றி அவர் நடத்திய வாதங்கள் மட்டும் 29 வினாக்களாக, 253 கூறுகளாக இன்றும் கிடைக்கின்றன. அவற்றின் பல கூறுகளில் பத்துக்கும் மேற்பட்ட தடைகளைக் காணலாம். "இறையியல் தொகுப்பு" அந்த அரங்கின் சுருக்கப் பதிப்பு என்றே சொல்லலாம். மாணவர்களைக் களைப்படையச் செய்யாதபடி பெரும்பாலும் மூன்று தடைகளோடு நிறுத்திக்கொள்கிறார்.

இப்படிப்பட்ட அரங்கில் பயின்றவர் வலுவற்ற தடையை எழுப்பித் தம்மை ஏமாற்றிக்கொள்ள முடியாது. எதிரே அமர்ந்திருப்பவர் அதைவிட வலுவானதை உடனே எழுப்பிவிடுவார். நூல் முழுவதிலும் 512 வினாக்களும் 2,669 கூறுகளும் உள்ளன. தடைகள் ஏறக்குறைய 10,000. அவற்றில் சில சொல்விளையாட்டுப் போலத் தோன்றும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் முக்கியமான இடங்களில் அவர் எழுப்பும் தடை, எதிர்த்தரப்பினர் தாங்களே சொல்லிக்கொள்வதைவிடத் தெளிவாக இருக்கும். நீங்கள் எடுத்துக்காட்டியது அதற்குச் சரியான சான்று. இன்றுவரை கடவுள் மறுப்புக்காகச் சொல்லப்படும் இரண்டு பெரிய வாதங்கள் தீமையும், இயற்கையே தன்னை விளக்கப் போதுமானது என்பதும்தாம். அந்தக் கூறில் உள்ள இரண்டு தடைகளும் இவைதாம்.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். ஆசிரியர் ஒரு வினாவை மேற்கோளால் தீர்க்க வேண்டுமா, காரணத்தால் தீர்க்க வேண்டுமா என்று ஒரு பொது வாதத்தில் அவரிடம் கேட்கப்பட்டது. பிழையை விலக்குவதற்காக நடக்கும் வாதத்தில், எதிரே இருப்பவர் ஏற்றுக்கொள்ளும் நூல்களிலிருந்து மேற்கோள் காட்டலாம் என்றார். ஆனால் கற்பிப்பதற்காக நடக்கும் வாதத்தில், வெறும் மேற்கோளைச் சொல்லி முடித்தால் அது அப்படித்தான் என்று மாணவர் உறுதியாக அறிவாரே தவிர அறிவோ விளக்கமோ பெறாமல் வெறுமையாகத் திரும்பிப் போவார் என்றார். மாணவரை வெறுமையாக அனுப்பக்கூடாது என்ற அக்கறைதான் அந்தத் தடைகளை அங்கே வைத்திருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மறுமொழி 2: ஏட்டுக்கட்டு

மாலைவாசகன் அவர்களே, உங்கள் இரண்டாவது ஐயம் பலரும் தடுக்கி விழும் இடம். அதற்கான விடையை அவரே எழுதி வைத்திருக்கிறார், ஆனால் நாற்பத்து நான்கு வினாக்கள் தள்ளி.

முதல் பாகத்தின் 46-ஆம் வினா, 2-ஆம் கூறைத் திறந்து பாருங்கள். உலகத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு என்பதை நம்பிக்கையால் மட்டுமே ஏற்கிறோம். அதைக் காரணத்தால் மெய்ப்பிக்க முடியாது என்கிறார். அதோடு நிற்காமல், மெய்ப்பிக்க முடியாததை மெய்ப்பிப்பதாகப் புறப்பட்டு வலுவற்ற காரணங்களைக் கொண்டுவந்தால், அந்தக் காரணங்களுக்காகத்தான் நாம் நம்புகிறோம் என்று எண்ணி நம்பிக்கை இல்லாதவர்கள் நகைப்பார்கள் என்றும் எச்சரிக்கிறார். எனவே ஐந்து வழிகளில் ஒன்றுகூட உலகம் ஒரு நாளில் தொடங்கியது என்பதை ஆதாரமாகக் கொண்டதாக இருக்க முடியாது. உலகம் என்றும் இருந்தது என்று வைத்துக்கொண்டாலும் தம் வாதம் நிற்கும் என்பதே அவர் நிலை.

எப்படி நிற்கும் என்பதற்கு அதே கூறில், ஏழாவது தடைக்குச் சொல்லும் விடையில், ஒரு கைவினைஞரைக் காட்டுகிறார். அவர் கையில் ஒரு சுத்தியல் இருக்கிறது. அது உடைந்துபோகிறது, வேறொன்றை எடுக்கிறார். அதுவும் உடைகிறது, இன்னொன்று. இந்தச் சுத்தியல் வேலை செய்வதற்கு முந்தைய சுத்தியல் தேவையில்லை. அது மூலையில் உடைந்து கிடந்தாலும் இது அடிக்கும். மனிதர் மனிதரைப் பெற்றெடுப்பதும் இப்படித்தான்: தந்தை மறைந்த பிறகும் மகன் தன் பிள்ளைக்குத் தந்தையாகிறான். இத்தகைய வரிசை முடிவில்லாமல் பின்னோக்கிப் போவதில் அவருக்கு மறுப்பு இல்லை. மற்றொரு வகை வரிசை உண்டு. கல்லைக் கோல் நகர்த்துகிறது. கோலைக் கை நகர்த்துகிறது. இங்கே கை நின்ற கணத்திலேயே கோலும் கல்லும் நின்றுவிடும், ஏனென்றால் கோலுக்கென்று சொந்தமான அசைவு எதுவும் இல்லை. கடன் வாங்கிய அசைவைத்தான் அது கல்லுக்குத் தருகிறது. கடன் வாங்கியவர்கள் மட்டுமே நிறைந்த வரிசை எத்தனை நீளமானாலும் பொருள் எங்கிருந்தும் வந்திருக்காது. முடிவில்லாமல் போக முடியாது என்று அவர் சொல்வது இந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான். அவர் தேடுவது நேற்றைக்கு முந்தைய நேற்றில் இருந்த காரணத்தை அன்று. இந்தக் கணத்தில் எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் காரணத்தைத்தான்.

இந்த நிலைப்பாடு அவர் காலத்தில் எளிதாக ஏற்கப்படவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பிரான்சிஸ்கன் சபையைச் சேர்ந்த பொனவெந்தூரா, படைக்கப்பட்ட உலகம் தொடக்கமில்லாமல் இருந்திருக்க முடியும் என்பதே முரண்பாடு என்று வாதிட்டார். தோமா அதற்கு இணங்காமல் உலகின் நித்தியத்தைப் பற்றித் தனியாக ஒரு சிறு நூலே எழுதினார். மறுபுறம், எல்லா மனிதருக்கும் ஒரே அறிவுதான் என்று அரிஸ்டாட்டிலுக்கு விளக்கம் சொன்ன சிகேர் முதலிய பாரிஸ் கலைப்பிரிவு ஆசிரியர்களோடு 1270-இல் மோதினார். ஒரு பக்கம் அரிஸ்டாட்டிலை அஞ்சுபவர்கள், மறு பக்கம் அவரை அளவுக்கு மீறி நம்புபவர்கள்; இரண்டு பக்கத்திலிருந்தும் அடி வாங்கிக்கொண்டே அவர் இந்த நூலின் இரண்டாம் பாகத்தை எழுதி முடித்தார்.

மாலைவாசகன்

சுத்தியல் உவமையைப் படித்ததும் எழுந்து நடந்துவிட்டேன். இத்தனை நாளும் முதற்காரணம் என்றதும் காலவரிசையில் முதலில் நிற்கும் ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தேன். இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்றாவது ஐயம் இன்னும் அப்படியே இருக்கிறது.

மறுமொழி 3: கீழைச்சாளரம்

அந்த டிசம்பரைப் பற்றி எழுதுவதற்கு முன், அதுவரை அவர் வாழ்ந்த விதத்தைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

1225-ஐ ஒட்டி, அக்குவினோ ஊருக்கு அருகில் உள்ள ரொக்காசெக்கா கோட்டையில், பிரபுக் குடும்பத்தில் பிறந்தார். ஐந்து வயதளவில் மோந்தே கசீனோ மடத்தில் விடப்பட்டார். காலம் வரும்போது அந்த மடத்துக்கு அதிபராவார் என்பது குடும்பத்தின் எதிர்பார்ப்பு. பேரரசர் இரண்டாம் பிரெடரிக்குக்கும் திருத்தந்தைக்கும் மூண்ட போரினால் 1239-இல் நேப்பிள்ஸுக்குப் படிக்கச் சென்றவர், அங்கே அரிஸ்டாட்டிலையும் கண்டார், டொமினிக்கன் சபையையும் கண்டார். பிச்சையெடுத்து வாழும் புதிய சபை ஒன்றில் 1244-இல் அவர் சேர்ந்ததைக் குடும்பத்தார் பொறுக்கவில்லை. வழியில் மறித்துப் பிடித்து ஏறத்தாழ ஓராண்டு கோட்டையில் அடைத்து வைத்தார்கள். அவர் மாறவில்லை. பிறகு பாரிஸிலும் கொலோனிலும் டொமினிக்கன் அறிஞரான பெரிய ஆல்பர்ட்டிடம் பயின்றார். அதிகம் பேசாத, பருத்த உடல் கொண்ட அவரை உடன் பயின்றவர்கள் "ஊமை எருது" என்று அழைத்ததும், இந்த எருதின் முழக்கம் ஒருநாள் உலகமெங்கும் கேட்கும் என்று ஆல்பர்ட் சொன்னதும் பலரும் அறிந்தவை.

எழுத்தைப் பொறுத்தவரை அவர் ஓய்வறியாதவர். அவர் கையெழுத்தை "படிக்க முடியாத எழுத்து" என்றே குறிப்பிட்டார்கள். வத்திக்கான் நூலகத்தில் உள்ள ஏடுகளைப் பார்த்தால் அது ஏன் என்று புரியும், எழுத்துகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு ஓடுகின்றன. பிற்காலத்தில் பெரும்பாலும் சொல்லச்சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். ஒரே நேரத்தில் மூன்று, நான்கு பேருக்கு வெவ்வேறு பொருள்களைச் சொல்லி எழுதவைத்தார் என்று அவரை அறிந்தவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். இப்படி உழைத்தவர்தாம் 1273 டிசம்பர் 6-ஆம் நாள், புனித நிக்கோலாஸ் திருநாளில், நேப்பிள்ஸில் திருப்பலி நிறைவேற்றிய பிறகு எழுதுகருவிகளை ஒதுக்கி வைத்தார். உதவியாளரும் தோழருமான ரெஜினால்ட் மீண்டும் மீண்டும் வற்புறுத்தியபோது, "ரெஜினால்ட், என்னால் முடியாது, நான் எழுதியதெல்லாம் எனக்கு வைக்கோல் போலத் தோன்றுகிறது" என்றார். பிறகு சகோதரியின் வீட்டில் தங்கியிருந்தபோது, "நான் கண்டவற்றோடும் எனக்கு வெளிப்படுத்தப்பட்டவற்றோடும் ஒப்பிடும்போது" என்ற சொற்களையும் சேர்த்துச் சொன்னதாக வரலாறு. இந்தச் செய்தி நமக்கு வருவது புனிதர் பட்டத்துக்காக 1319-இல் நேப்பிள்ஸில் நடந்த விசாரணையில் பர்த்தலோமேயு என்பவர் அளித்த சாட்சியத்தின் வழியாக. அதுவும் ரெஜினால்டிடமிருந்து செவிவழியாக வந்தது.

"ஒப்பிடும்போது" என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். எழுதியது பொய் என்று அவர் சொல்லவில்லை. லத்தீனில் உள்ள "பலேயா" என்ற சொல் வைக்கோலையும் குறிக்கும், உமியையும் குறிக்கும். நமக்கோ வைக்கோல் வேறு, உமி வேறு, பதர் வேறு. பதர் என்றால் உள்ளே ஒன்றுமே இருந்ததில்லை. உமி அப்படி அன்று. நெல்மணி முற்றும்வரை அதைத் தாங்கி நின்றது அதுதான். அவர் சொன்னது பதர் என்ற பொருளில் அன்று என்றே நான் படிக்கிறேன். உடல்நலக் குறைவும் அளவுக்கு மீறிய உழைப்பும் அந்த நிறுத்தத்தில் பங்கு வகித்திருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் சிலர் கருதுகிறார்கள். அருள்காட்சியும் உடற்சோர்வும் ஒன்றையொன்று விலக்க வேண்டிய தேவை இல்லை என்பது என் எண்ணம்.

தம் நூல்களைக் கைவிட்டார் என்ற கருத்துக்கு எதிராக நிற்கும் ஒரு சிறு சான்றும் உண்டு. இரண்டாம் லியோன் பொதுச்சங்கத்துக்குத் திருத்தந்தை பத்தாம் கிரகோரி அழைத்திருந்ததால் 1274-இன் தொடக்கத்தில் பயணம் புறப்பட்டார். வழியில் மோந்தே கசீனோ மடத்தின் அதிபர் பெர்னார்டு, கடவுளின் முன்னறிவைப் பற்றி முற்காலத் திருத்தந்தை பெரிய கிரகோரியாரின் நூலில் துறவிகளைக் குழப்பிய ஒரு பகுதிக்கு விளக்கம் கேட்டார். தோமா மறுக்கவில்லை, சொல்லி எழுதவைத்தார். கடவுள் முன்னறிவது மனிதரின் செயலைக் கட்டாயப்படுத்துவதில்லை என்ற தம் பழைய கருத்தையே அதில் பொறுமையாக விளக்குகிறார். அவர் சிறுவயதில் வளர்ந்த அதே மடத்துக்கு, அந்த மடத்தாருக்குப் புரியவில்லை என்பதற்காக, எழுத மாட்டேன் என்றவர் எழுதிய கடிதம் அது. சில வாரங்களில், மார்ச் 7-ஆம் நாள், போசனோவாவில் உள்ள சிஸ்டர்சியன் மடத்தில் இறந்தார். வயது ஏறத்தாழ 49.

மறுமொழி 4: நடுவெளி

எல்லாம் நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பகுதிக்கு வரும் வாசகர் அதிர்ச்சியடையாமல் இருக்க ஒன்றைச் சொல்லிவைக்க வேண்டும். 11-ஆம் வினா, 3-ஆம் கூறில், கள்ள நாணயம் அடிப்பவருக்கே அரசு மரணதண்டனை விதிக்கும்போது, ஆன்மாவின் உயிரான நம்பிக்கையைக் கெடுப்பவருக்கு அது எவ்வளவு அதிகம் பொருந்தும் என்கிறார். திருச்சபை முதலில் இருமுறை எச்சரிக்க வேண்டும் என்று சொன்னாலும், முடிவு அதுதான். அதற்கு முந்தைய வினாவிலோ, நம்பிக்கையை ஒருபோதும் ஏற்காதவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும், யூதப் பெற்றோரின் விருப்பத்துக்கு எதிராக அவர்கள் குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுப்பது நீதியன்று என்றும் உறுதியாக எழுதியவர் அவர். தவறான மனச்சான்றும்கூட ஒருவரைக் கட்டுப்படுத்தும் என்று வாதிட்டவரும் அவரே. இவற்றை எழுதிய கைதான் அதையும் எழுதியது என்பது எனக்கு ஆறாத வேதனை. அவரை நேசிப்பவர்கள் அந்தக் கூறைத் தாண்டிக் குதித்துவிடக் கூடாது. அவர் மற்ற இடங்களில் கற்றுக்கொடுத்த அதே முறைப்படி, தடைகளை எழுப்பிக்கொண்டு படிக்க வேண்டும்.

திருச்சபையும் அவரைக் கேள்வியின்றி ஏற்கவில்லை. அவர் இறந்து சரியாக மூன்றாண்டுகள் கழித்து, 1277 மார்ச் 7-ஆம் நாள், பாரிஸ் ஆயர் எத்தியேன் தம்பியே 219 கூற்றுகளைக் கண்டித்தார். அவற்றில் சில தோமாவின் கருத்துகளையும் தொட்டன. 1323-இல் திருத்தந்தை இருபத்திரண்டாம் யோவான் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கிய பிறகு, 1325-இல்தான் பாரிஸில் அந்தக் கண்டனம் தோமாவைத் தொடும் அளவில் விலக்கப்பட்டது. 1567-இல் மறைவல்லுநர், அதாவது திருச்சபை முழுவதற்குமான ஆசான், என்று அறிவிக்கப்பட்டார். மரியாவின் அமல உற்பவத்தை, அதாவது அவர் பிறவிப் பாவமின்றிக் கருவானதை, பொறுத்தவரை அவர் சொன்ன கருத்தை விட்டு விலகித்தான் 1854-இல் திருச்சபை தன் போதனையை வரையறுத்தது.

மறுமொழி 1-இன் தொடர்ச்சி: தடைவிடை

நடுவெளி சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். அந்தக் கூறுக்குச் சமாதானம் தேடி நானும் பல நாள் அலைந்திருக்கிறேன். கிடைக்கவில்லை, இனித் தேடுவதாகவும் இல்லை. மாலைவாசகனுக்கு ஒரு வழிமுறை மட்டும் சொல்கிறேன்: ஒவ்வொரு கூறிலும் தடைகளைப் படித்ததும் ஏட்டை மூடிவிட்டு, உங்கள் விடையை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பிறகு அவருடையதைப் படியுங்கள். ஒரு கூறுக்கு ஒரு மாலை பிடித்தாலும் பரவாயில்லை.

மாலைவாசகன்

அனைவரும் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நேற்றிரவு வரிசையை விட்டுவிட்டு, அவர் நிறுத்திய இடம் எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காக மூன்றாம் பாகத்தின் கடைசிப் பக்கங்களைத் திறந்தேன். 90-ஆம் வினா, பாவமன்னிப்புக்கான சடங்காகிய ஒப்புரவு அருட்சாதனத்தின் பகுதிகளைப் பற்றியது. மனத்துயர், பாவ அறிக்கை, பரிகாரம் என்று மூன்று பகுதிகளைப் பெயர் சொல்லி நிறுவுகிறார். நான்கு கூறுகள், ஒவ்வொன்றிலும் வழக்கம்போலத் தடைகள், எதிர்மேற்கோள், விடை. நடையில் சோர்வோ அவசரமோ எனக்குத் தென்படவில்லை. அந்த மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்து ஆராய வேண்டிய அடுத்த வினா இல்லை. அதற்குப் பின் வருவது, அவர் இளமையில் எழுதிய உரையிலிருந்து மற்றவர்கள் எடுத்துத் தொகுத்த பிற்சேர்க்கை.

இன்று மாலை மீண்டும் 2-ஆம் வினா, 3-ஆம் கூறுக்கே திரும்புகிறேன். தீமையைப் பற்றிய முதல் தடைக்கு என் விடையை முதலில் தாளில் எழுதப்போகிறேன்.